இன்னும் நாலு பக்கம்

பிப்ரவரி 9

மாப்ளே,

காமிக்ஸைத் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது என்று நீதான் நிபந்தனை போட்டாய். சரி, அப்படியே ஆகட்டும்.

‘ஏழாம் தளம்’ மூன்றாம் பாகம் படித்தேன். இதற்குப் படம் போட்டவன் பிறந்ததிலிருந்து லிஃப்டில் ஏறியதே இல்லை என்று சத்தியம் செய்வேன். வில்லன் கூரைமேல் உட்கார்ந்து ஒரே ஒரு கம்பியைக் கத்தியால் அறுக்கிறானாம், லிஃப்ட் தொபுக்கடீர் என்று கீழே போகிறதாம். கத்தியால்! எஃகுக் கயிறு என்ன கத்திரிக்காயா? அதுவும் ஒன்றா ஓடுகிறது, ஐந்தாறு ஓடும். அத்தனையும் அறுந்தாலும் பிரேக் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். இத்தனை வருஷமாக இந்த வேலையில் கிடக்கிறேன், கீழே விழுந்த லிஃப்டை நான் பார்த்ததில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி குறை சொல்ல முடியாது. அந்த வாட்ச்மேனுக்கு முகத்தையே காட்டாமல் மூன்று பாகம் ஓட்டிவிட்டார்கள். வண்ணம் பூசாமல் கறுப்பு வெள்ளையில் விட்டதும் புத்திசாலித்தனம். உனக்கு என்ன தோன்றியது என்று எழுது.

நிபந்தனையை ஒரே ஒரு பத்திக்கு மீறுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ உன் லேபில் பல் செட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய், நான் மட்டும்தான் உள்ளறையில் உட்கார்ந்து படித்தேன் என்று உன் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அது அப்படியே இருக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். அவளுக்கு ஆபரேஷன் நடந்த நேரத்தில் நீயும் என் பக்கத்தில் அதே பெஞ்சில்தான் இருந்தாய் என்று தெரிந்தால், உன் வீட்டையும் விட்டுப் போய்விடுவாள். அப்புறம் அவள் எங்கே போவாள்? கட்டினவன் என்னால் அவளுக்கு ஒரு வீடு போனது போதும்.

அவள் தொண்டைத் தையல் ஆறிவிட்டதா? இதற்கு மட்டும் ஒரு வரி எழுது.

மாமா


பிப்ரவரி 15

மாமாவுக்கு,

“அவரோட பேசாதே”ன்னுதான் அக்கா சொன்னாள். எழுதாதே என்று சொல்லவில்லை. அந்தச் சந்துக்குள் புகுந்துதான் இதை எழுதுகிறேன். இனிமேலும் லேப் விலாசத்துக்கே போடுங்கள், வீட்டுக்கு வேண்டாம். உங்கள் கையெழுத்தை அவள் இருட்டிலும் கண்டுபிடிப்பாள்.

லிஃப்டைப் பற்றி நீங்கள் கொதிக்கிறீர்கள். நான் பல்லைப் பற்றிக் கொதிக்கிறேன். ‘ரத்த வாரிசு’ புது இதழின் அட்டையைப் பார்த்தீர்களா? அந்தக் காட்டேரி சிரிக்கிறபோது எண்ணிப் பாருங்கள், மேல்வரிசையில் நாலு இருக்க வேண்டிய வெட்டுப்பல் ஆறு. கோரைப்பல் கண்ணுக்கு நேர்கீழே நிற்கிறது. அப்படி ஒரு செட்டை நான் செய்து கொடுத்தால் டாக்டர் என் தலையிலேயே அதை மாட்டிவிடுவார். கதையாவது தேறுமா என்றால் அதுவும் இல்லை. மூன்று தலைமுறைப் பகை, நாலாவது தலைமுறையில் காதல். இதைத்தான் போன வருஷமும் வேறு தொப்பி போட்டு விற்றார்கள். ஆனாலும் வாங்குவேன். வாங்காமல் இருக்க முடியுமா?

தையல் ஆறிவிட்டது. கட்டியால் கெடுதல் ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. அக்கா இந்தப் பக்கத்து டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு பஸ் ஓட்டப் போகிறாள். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொள்கிறாள். குரல் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது.

நிபந்தனையை இப்போது நானும் மீறுகிறேன். நேற்று சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், “நீயாவது அன்னைக்கு வேலையா இருந்தே. உன்னைக் குத்தம் சொல்ல முடியாதுடா.” சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாள். மாமா, அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

பல் செட் மாப்பிள்ளை


பிப்ரவரி 24

மாப்ளே,

‘பனிக்குதிரை’ பழைய இதழ்களை முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். வீட்டில் வேறு என்ன வேலை எனக்கு? மாதா மாதம் படிக்கும்போது தெரியாத ஒன்று, மொத்தமாகப் படிக்கும்போது முகத்தில் அறைந்தது. அந்தக் குதிரைக்காரன் எல்லாக் கதையிலும் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறான். கிராமம் எரிகிறது, பெண்கள் அலறுகிறார்கள், பாலம் உடைகிறது. இவன் எங்கேயோ மலையடிவாரத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான். கடைசிக் கட்டத்தில் பெரிதாக ஒரு குளம்பு, பக்கத்தில் ‘டக் டக் டக்’. நாமும் விசில் அடித்திருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு நேரம் எங்கேடா போயிருந்தாய் என்று அந்தக் கதையில் ஒருத்தியாவது கேட்டிருக்கிறாளா? ஓவியம் பிரமாதம்தான், பனி விழுவதற்கு வெறும் வெள்ளைக் காகிதத்தை அப்படியே விடுகிற தைரியம் யாருக்கு வரும்? ஆனால் இனி அவனை எனக்குப் பிடிக்காது.

போன வாரம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே வேலை வந்தது. நோயாளிகளைக் கொண்டுபோகிற லிஃப்டில் கதவு சரியாக மூடவில்லை. வேறு ஆளை அனுப்புங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். “ஏன், பேய் பயமா?” என்றார். போனேன். நான் கூரைமேல் உட்கார்ந்து ரோலரைத் துடைக்கும்போது கீழே ஒரு ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. படுத்திருந்தவர் பக்கத்தில் அவர் மகளோ யாரோ, கையை விடாமல் நடந்து வந்தாள். “லிஃப்ட் ரிப்பேர், அடுத்ததுல போங்க” என்று மேலிருந்து கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மத்தியானம்தானே ஆபரேஷன், அதற்குள் ‘பனிக்குதிரை’ சிறப்பிதழை வாங்கி உன் லேபில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று மனசு சொன்னது. வேறொருவர் ஆபரேஷன் தள்ளிப்போய் இடையில் ஒரு நேரம் காலியாகி, அவளை முன்னாலேயே கூப்பிடுவார்கள் என்று கண்டேனா? “கூட வந்தவங்க யாரும்மா?”ன்னு நர்ஸ் கேட்டிருக்கிறாள். இவளே கையெழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கண் விழித்துக் கிடந்தாள்.

புது இதழ் படிக்கும்போது போன் இரண்டும் டிராயருக்குள், கடைசிப் பக்கம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நாம் வைத்துக்கொண்ட சட்டம்! பெரிய சட்டசபை! மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குச் சத்தமே கேட்கவில்லை, மாப்ளே. இதையேதான் அவளிடமும் சொன்னேன்.

மாமா


மார்ச் 3

மாமாவுக்கு,

இதை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போது லேப் பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நல்ல காகிதத்தில் எழுதினால் மறுபடி கிழித்துவிடுவேன்.

உங்களுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. எனக்குக் கேட்டது.

டிராயர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே பிளாஸ்டர் அச்சுகள், அதன்மேல் போன் கிடந்து துடித்தது. இரண்டாவது தடவை துடித்தபோது கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். உங்கள் போன்தான். அக்கா பெயர் தெரிந்தது. நீங்கள் புத்தகத்தில் மூழ்கியிருந்தீர்கள். இன்னும் நாலு பக்கம்தான் இருந்தது. என்ன பெரிசாகக் கேட்கப் போகிறாள், வரும்போது சீப்பு கொண்டு வாங்க என்பாள், முடித்துவிட்டுக் கூப்பிட்டால் போகிறது என்று நினைத்தேன். டிராயரை மூடிவிட்டேன்.

மாமா, கேவலம் என்னவென்றால் அந்த நாலு பக்கம் சுமார்தான். எல்லாவற்றையும் நானே விளக்கிவிடுகிறேன் என்று ஓவியரை நம்பாமல் கதாசிரியர் கட்டம் கட்டமாக வசனத்தைத் திணித்திருந்தார். கடைசிக் காட்சியில் வண்ணம் வேறு அச்சில் நகர்ந்து, குதிரைக்காரனுக்கு இரண்டு மூக்கு. நாம் அன்றைக்கே முகம் சுளித்தோம். அதற்காகத்தான் நான் அக்காவை அங்கே தனியாக விட்டேன்.

நீங்கள் பழியை முழுசாகத் தலையில் போட்டுக்கொண்டு, எனக்காகவும் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு, அந்த வீட்டில் தனியாகக் கிடக்கிறீர்கள். நான் அவள் கையால் சாப்பிடுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டி எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 14

மாமாவுக்கு,

பதில் வரவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் கையில் மெழுகோடு வாசலுக்கு ஓடுகிறேன். நேற்று ஒரு கிழவரின் கீழ்செட் பாழாய்ப் போனது.

‘ஏழாம் தளம்’ நாலாம் பாகம் கடையில் வந்து தொங்குகிறது. கடைக்காரர் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறாராம், வழக்கம்போல. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

நீங்கள் இனிமேல் என்னோடு எழுத்தில்கூடப் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அதையாவது எழுதிவிடுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்ளே,

கடிதம் வந்த அன்றைக்கு உன் லேபுக்கு வந்து உன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்வரை வந்தேன். கொலைவெறி. நீ மட்டும் அந்த டிராயரைத் திறந்து “மாமா, அக்கா கூப்பிடறா”ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வீட்டில் இன்றைக்கு விளக்கு எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். நாலைந்து பஸ் போயிற்று. நான் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று. எனக்கும் கேட்டது.

கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னது பொய். உனக்கு எழுதியதும் பொய். மோட்டாரில் ஒரு திருகு தளர்ந்தால்கூட மூன்று மாடிக்குக் கீழே நின்று கண்டுபிடிக்கிற காது எனக்கு. முழங்கைக்குக் கீழே மரத்தில் போன் அடித்தால் கேட்காதா? கேட்டது. உன் போன் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுவும் சரியில்லை. உன் போனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ டிராயரை இழுத்துப் பார்த்துவிட்டு மூடியதும் கடைக்கண்ணில் தெரிந்தது. மாப்பிள்ளையே மூடிவிட்டான், அப்படியானால் அவனுக்கு வந்ததுதான் என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினேன். நீ என்னை நினைத்து மூடினாய், நான் உன்னை நம்பித் திருப்பினேன். நல்ல ஜோடி!

அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. திட்ட வேண்டியவள் அங்கே உன் சமையலறையில் இருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. என் கடிதங்களையும் படித்துக் காட்டு, ஒரு வரி விடாதே. சத்தம் கேட்டது என்பதையும் சேர்த்து. நானே வந்து சொல்வதுதான் முறை, ஆனால் என் முகத்தைப் பார்க்க அவளுக்கு விருப்பம் இருக்கிறதா என்று தெரியாமல் வாசலில் வந்து நிற்பது அவளை இன்னும் கட்டாயப்படுத்துவது மாதிரி ஆகும்.

கேட்டுவிட்டு உன் வீட்டிலும் இருக்க மாட்டேன் என்று கிளம்பினால் அவளை அலைய விடாதே. எங்கள் வீட்டுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். அவள் வந்து இருக்கட்டும், அது அவள் பார்த்துப் பார்த்து வைத்த வீடு. நான் கம்பெனி ஸ்டோர் ரூமுக்கு மேலே இருக்கிற அறையில் படுத்துக்கொள்வேன், பேசி வைத்திருக்கிறேன்.

மாமா


மார்ச் 28

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

டியூட்டி முடிந்து வந்து வேலை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்து உங்கள் எல்லாக் கடிதத்தையும் படித்தேன். நான் எழுதியதை நானே சொன்னேன். லிஃப்ட் கயிற்றை அறுக்கிற இடத்தில் லேசாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது. டிராயர் வந்தபோது பிரஷ் நின்றது. அப்புறம் மறுபடி தேய்த்தாள்.

“நாலு பக்கத்துல என்னடா இருந்துச்சு?” என்றாள்.

சொன்னேன். குதிரைக்காரன் வருகிறான், எல்லோரையும் காப்பாற்றுகிறான், இரண்டு மூக்கு.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்க்கா.”

ஷூவைத் தூக்கி என்மேல் எறிவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். எறியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இதைச் சுருக்கத் தெரியவில்லை.

“கோபம் இருக்குடா. ரெண்டு பேர் மேலயும் இருக்கு, நாளைக்கும் இருக்கும். ஆனா நான் வீட்டை விட்டு வந்தது நீங்க போன் எடுக்காததுக்காக இல்ல. கூட யாருன்னு நர்ஸ் கேட்டா. யாருமில்லன்னு சொன்னேன். சொன்னதும் அழுகை வரும்னு பார்த்தேன், வரல. லேசா இருந்துச்சு. யாருக்கும் தைரியம் சொல்ல வேண்டாம், ஒண்ணுமில்லீங்க பயப்படாதீங்கன்னு சிரிக்க வேண்டாம். பயத்தை எனக்கே எனக்குன்னு வச்சுக்கிட்டு நிம்மதியா படுத்திருந்தேன். கண் முழிச்சா உங்க மாமா தலையில அடிச்சுக்கிட்டு அழறார். எனக்குத் தொண்டையில தையல், பேச்சு வரல. அப்பவும் கையை ஆட்டி ஆட்டி அவரைத் தேத்தினது நான்தான். வீட்டுக்கு வந்தும் அதேதான். ராத்திரியெல்லாம் மன்னிச்சுடு மன்னிச்சுடுன்னு. மன்னிச்சுட்டேன், தூங்குங்கன்னு அதையும் நானே சொல்லணும். ஆபரேஷன் எனக்காடா, அவருக்கா? தப்பு பண்ணவரையும் நானே மடியில போட்டுத் தட்டணும்னா, நான் எப்ப நோயாளியா இருக்கறது?”

நான் அழ ஆரம்பித்தேன் மாமா. என்ன செய்ய, வந்துவிட்டது. “பார்த்தியா, ஆரம்பிச்சுட்டான்” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் எங்கேயும் போகவில்லை. இன்றைக்கு என் தட்டை மட்டும் என்னையே போட்டுக்கொள்ளச் சொன்னாள். அதுவும் நியாயம்தான். உங்கள் சாவியைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை அவருக்கே அனுப்பிடு. என்கிட்ட ஒண்ணு இருக்கு” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. சாவி இதோடு இருக்கிறது.

உங்களிடம் சொல்லச் சொன்னது எதுவும் இல்லை. மதியத்துக்குமேல் மார்க்கெட்டிலிருந்து நீர்த்தொட்டிவரை போகிற பஸ் அவளுடையது என்று நானாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 5

மாப்ளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியதும் அவள் சொன்னது மண்டையில் உறைத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். நான் இத்தனை நாள் சுமந்தது குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுமந்தது அவள். நான் இறக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நேற்று மார்க்கெட்டில் போய் நின்றேன். அவள் பஸ் வந்தது. டிரைவரே டிக்கெட் கொடுக்கிற பஸ், தெரியுமல்லவா, அவளைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். “எங்க?” என்றாள், எல்லோரையும் கேட்கிற மாதிரியே. குரல் நீ சொன்னபடி கரகரத்தது. “கடைசி ஸ்டாப்” என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையில் புத்தகம் இல்லை. பஸ்ஸில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்தது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் ஓட்டுவதைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் பஸ் ஓட்டி நான் பார்த்ததே இல்லை, மாப்ளே. திருப்பத்தில் ஒரு லாரிக்காரன் மூக்கை நுழைத்தான். அவனை அவள் பார்த்த பார்வையில் லாரியே பின்னால் போயிற்று. ஒரு அம்மாள் மூட்டையோடு ஏறி உட்காரும்வரை பஸ்ஸை நகர்த்தாமல் காத்திருந்தாள். பின்னால் ஒருவர் “சீக்கிரம் எடும்மா” என்று முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாதி வழியில் எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் அவளுக்குத் தெரியும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பல்லைக் கடித்து விழுங்கினேன். வேறு யாராவது தேற்ற வேண்டிய அழுகையை இனி அவள் முன்னால் அழ மாட்டேன்.

நீர்த்தொட்டியில் எல்லோரும் இறங்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“கடைசி ஸ்டாப். இறங்கணும்.”

“தெரியும்.”

“அழப் போறீங்களா?”

“இல்ல.”

“மன்னிப்புக் கேக்கப் போறீங்களா?”

“இல்ல.”

தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். விழுங்கும்போது கழுத்தைத் தொட்டுக்கொள்கிறாள், நீ அதை எழுதவில்லை.

“அப்ப எதுக்கு உட்காந்திருக்கீங்க?”

“திரும்பிப் போற வழியிலயும் பார்த்துக்கிட்டே வரலாம்னு.”

அவள் இன்ஜினைப் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள்.

“அதுக்குப் புது டிக்கெட் எடுக்கணும்” என்றாள்.

எழுந்து போய் எடுத்தேன்.

மாமா